இருக்குமா மாமா செய்த கிறிஸ்மஸ் தாத்தா

எனக்கு ஒழுங்காக எழுத வராது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு வரைதான் படித்தேன். அந்த வாத்தியாரும் பாதி நேரம் ரப்பர் பால் நிறுக்கிற இடத்துக்கு உதவிக்குப் போய்விடுவார். மறதி வேறு. நாலு பேர் முன்னால் வாய் திறக்கவே கூசுகிறவள் நான். என் மருமகள்தான், "எழுதுங்கத்தே, நல்லா இல்லன்னா பத்திரிகக்காரங்களே போட மாட்டாங்க" என்று தாளையும் பேனாவையும் கையில் திணித்தாள். போட்டுவிட்டால் குற்றம் அவளுடையது.

நான் சொல்ல வந்தது இருக்குமா மாமாவைப் பற்றி.

கடவுள் இந்த உலகத்தில் குப்பை என்று ஒன்றைப் படைக்கவே இல்லை என்று நம்பிய ஒரே மனிதர் அவர்தான். மலாயாவின் ஜொகூரில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை தேடினாலும் இன்னொருவர் கிடைக்கமாட்டார். மற்றவர்களுக்கு ஓட்டை வாளி ஓட்டை வாளியாகத்தான் தெரியும். அவருக்கு அது ராஜாவின் மார்புக் கவசம். சேவல் செத்துக் கிடந்தால் நாங்கள் "ஐயோ பாவம்" என்போம். அவர் குனிந்து பார்த்து, "வால் எறகு நல்லாயிருக்கே" என்பார்.

எங்கள் தோட்டம் சாஆ என்ற ஊரிலிருந்து உள்ளே தள்ளி, மாட்டு வண்டியில் போனால் இடுப்பு கழன்றுபோகிற தூரத்தில் இருந்தது. சுற்றிலும் ரப்பர் மரம். பண்டிகை வந்தால் கடைக்குப் போய் வாங்கிவர யாரிடம் வசதி இருந்தது? ஆகவே தீபாவளி, பொங்கல், மாரியம்மன் திருவிழா எதுவானாலும், அதற்கு ஒரு மாதம் முன்னாலேயே மாமா லயத்தில், அதுதான் தோட்டத்து ஆட்களின் வரிசை வீடுகளில், வீடு வீடாக வந்து வாசலில் நிற்பார். ஒல்லியான ஆள். தலையில் முடி கொஞ்சம், காதில் முடி நிறைய.

"அக்கா, காலி பிஸ்கட்டு டின்னு இருக்குமா?"

"தங்கச்சி, கிழிஞ்ச கொடைத்துணி இருக்குமா?"

"பெரியம்மா, செத்துப்போன பெரியப்பாவோட கண்ணாடி இருக்குமா?"

இப்படிக் கேட்டுக் கேட்டே அந்தப் பேர் வந்தது. சாஆவில் இருந்த சீனர் கடை முதலாளி, தவுக்கே என்போம், இவர் தலையைத் தூரத்தில் கண்டாலே "அலமாக்!" என்று காலி அட்டைப் பெட்டிகளின்மேல் ஏறி உட்கார்ந்துகொள்வாராம்.

ஊசி நூலை அவர் நம்பியதில்லை. எதையும் ரப்பர் பால் வைத்து ஒட்டுவார். "நூலு அறுந்து போவும். பாலு ஒட்டுனா ஒட்டுனதுதான்" என்பார். அது எவ்வளவு உண்மை என்பதை வண்டிக்காரச் சின்னான் மாமாதான் உடம்பால் தெரிந்துகொண்டார்.

சின்னான் மாமா தோட்டத்தின் மாட்டு வண்டி ஓட்டுகிறவர். வாட்டசாட்டமான ஆள். திருவிழாவில் எந்த வேஷம் என்றாலும் அவரைத்தான் பிடிப்பார்கள். ஒரு வருஷம் புலி வேஷம். சாயத்துக்கு எங்கே போவது? இருக்குமா மாமா பாலில் மஞ்சள் தூளைக் கலந்தார், விளக்குக் கரியைக் கலந்தார், சின்னான் மாமாவின் உடம்பு முழுக்கப் பூசிக் கோடு போட்டார். அப்படி ஒரு புலியை நான் அதற்கப்புறம் பார்த்ததே இல்லை. தோல் அப்படியே பளபளவென்று இருந்தது. புலி ஆடியது, பாய்ந்தது, பெண்கள் கூட்டத்தைத் துரத்தியது. எல்லாம் முடிந்து குளிக்கப் போனபோதுதான் தெரிந்தது, புலி போகமாட்டேன் என்கிறது.

தண்ணீர் ஊற்றினார்கள். சவுக்காரம் போட்டார்கள். தேங்காய் எண்ணெய், மண்ணெண்ணெய் எல்லாம் தேய்த்தார்கள். கடைசியில் இரண்டு பேர் பிடித்துக்கொள்ள, ஒருவர் ஓரத்திலிருந்து உரித்தார். சின்னான் மாமா போட்ட சத்தத்தில் காட்டிலிருந்த நிஜப் புலிகள் அடுத்த தோட்டத்துக்குப் போய்விட்டதாகச் சொல்வார்கள். உரித்து முடித்தபோது அவர் உடம்பில் ஒரு முடி கிடையாது. கத்திரிக்காய் போல இருந்தார்.

"ஏன்டா பாவி, இப்புடிப் பண்ணிட்டியே!" என்று அவர் அழ, இருக்குமா மாமா உரித்த தோலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "முடியோட வந்துருக்கு. நெசப் புலித் தோலு மாதிரியே இருக்கு. அடுத்த வருசத்துக்கு ஆவும்."

அடுத்த வருஷம் சின்னான் மாமா ராஜா வேஷம்தான் கட்டுவேன் என்று பிடிவாதம் பிடித்தார். இருக்குமா மாமா மண்ணெண்ணெய் டின்னில் கவசம் செய்தார், பிஸ்கட்டு டின்னில் கிரீடம் செய்தார். டின்னில் பூத்தொப்பி போட்ட வெள்ளைக்காரச் சீமாட்டி ஒருத்தி தேநீர் குடிக்கும் படம் இருந்தது. அழகான படத்தை வெட்ட மனசு வராமல், அதை அப்படியே ராஜாவின் நெற்றியில் வைத்துவிட்டார். நாடகம் முழுக்க ராஜா பேசிய வசனத்தை யாரும் கேட்கவில்லை. "யாருடி அது நெத்தியில?" என்று பெண்கள் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். "மூத்த ராணியா இருக்கும்" என்றாள் ஒருத்தி. சிம்மாசனத்தில் உட்கார்ந்த ராஜா கவசத்தோடு எழுந்திருக்க முடியாமல் போனது வேறு கதை. எதிரி ராஜாதான் கைகொடுத்துத் தூக்கிவிட்டார். அதற்கப்புறம் சண்டை போட்டார்கள்.

என்னையும் அவர் விடவில்லை. ஒரு தீபாவளிக்கு எங்கள் வீட்டில் புதுத்துணி எடுக்க முடியவில்லை. நான் மூலையில் உட்கார்ந்து மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தேன். மாமா வந்தார். அம்மாவிடம், "தங்கச்சி, கோதும மாவு சாக்கு இருக்குமா?" என்றார்.

தீபாவளிக்கு முதல் நாள் எனக்கு ஒரு கவுன் வந்தது. மாவு சாக்கைத் துவைத்து, நீலம் போட்டு, ஓரத்துக்கு லேஸ் கூட வைத்திருந்தார். பால் வெட்டிய கோட்டில் நாடா மாதிரி காய்ந்து கிடக்குமே, கோட்டுப்பால், அதுதான் லேஸ். சாக்கில் அச்சடித்திருந்த பெரிய சிவப்புச் சேவல் என் முதுகில் நின்றது.

"ஏன் மாமா, சேவல முன்னால வைக்கல?"

"முன்னால வச்சா குனிஞ்சு அதையே பாத்துக்கிட்டு நடப்ப. தடுக்கி விழுவ."

வெயில் ஏறியதும் லேஸ் இளகிக் காலோடு ஒட்டியது. கோயிலில் சாம்பிராணியையும் மீறி ரப்பர் நாற்றம் அடித்தது. ஆனால் லயத்துப் பெண்பிள்ளைகள் எல்லாரும் என் பின்னாலேயே வந்தார்கள், சேவலைப் பார்க்க. அடுத்த நாளே, "எனக்கும் சேவல் வேணும்" என்று ஒவ்வொரு வீட்டிலும் அழுகை. நாலு பேர் திரும்பிப் பார்க்கும்படி நான் நடந்தது என் ஆயுளில் அந்த ஒரு நாள்தான்.

அதற்கப்புறம் விலை விழுந்த காலம் வந்தது. ரப்பரை வாங்க ஆள் இல்லை என்றார்கள். சம்பளத்தைக் குறைத்தார்கள். பிறகு ஆளையே குறைத்தார்கள். காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்கு எல்லாரும் வரிசையாக நிற்கும்போது, தோட்டத்து ஆபீஸ் குமாஸ்தாவான கிராணி சில பேர்களை வாசிப்பார். வாசித்தால் அவ்வளவுதான். மூட்டையைக் கட்டிக்கொண்டு கப்பலேறி இந்தியாவுக்கு, சொந்த ஊருக்குப் போக வேண்டும். தனிக்கட்டைகளையும் வேலை சரியாகச் செய்யாதவர்களையும் முதலில் அனுப்பினார்கள்.

மாமா இரண்டுக்கும் பொருத்தமானவர். பெண்டாட்டி பிள்ளை இல்லை. பால் வெட்டும் கத்தி அவர் கையில் இருந்தால் மரம் பாவம். பட்டையில் ஒரு புடைப்பைப் பார்த்துவிட்டால் போதும், "இதுல ஒரு ஆனை ஒளிஞ்சிருக்கு" என்று செதுக்க ஆரம்பித்துவிடுவார். ஒரு நாள் துரை, அதுதான் எங்கள் தோட்டத்து வெள்ளைக்கார மானேஜர், ரப்பர்க் காட்டைச் சுற்றிப் பார்க்க வந்தார். ஒரு மரத்திலிருந்து யானை அவரைப் பார்த்தது. அடுத்த மரத்திலிருந்து அதன் குட்டி பார்த்தது. துரையின் முகம் சிவந்ததைப் பார்த்தபோதே கங்காணி, "ஒன் கதை முடிஞ்சுதுடா" என்று மாமாவிடம் சொல்லிவிட்டாராம்.

கிறிஸ்மஸுக்கு மறுநாள் பெரட்டில் பேர் வாசிக்கப் போகிறார்கள், அதில் மாமா பேரும் இருக்கிறது என்று லயம் முழுக்கப் பேச்சு. அம்மா அவரைக் கூப்பிட்டுக் காப்பி கொடுத்தாள்.

"ஏண்ணே, ஊர்ல ஒங்களுக்கு யாரு இருக்கா?"

"ஒரு கெணறு இருக்கு. தண்ணி இருக்கான்னு தெரியாது."

"வெளையாடாதீங்கண்ணே. பேரக் கூப்புட்டா என்ன செய்வீங்க?"

"கப்பல்ல பழைய பாய்மரத்துணி இருக்குமான்னு கேப்பேன்" என்று சிரித்தார். ஆனால் காப்பியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார். வாசலில் ஒரு காலி டின் கிடந்தது. அதைத் தாண்டிப் போனார், கேட்கவில்லை. அம்மா அந்த டின்னையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அந்தச் சமயத்தில்தான் துரையின் மனைவி துரைசாணிக்கு ஓர் ஆசை வந்தது. வழக்கமாகக் கிறிஸ்மஸுக்குத் துரை எங்கள் பிள்ளைகளுக்குப் பிஸ்கட்டு கொடுப்பார். இந்த வருஷம் அதைக் கிறிஸ்மஸ் தாத்தா வேஷம் போட்டுக்கொண்டு கொடுக்க வேண்டுமாம். சிங்கப்பூரிலிருந்து உடுப்பு வரவழைக்க இது காலமா? "தோட்டத்தில் யாராவது தைக்கட்டும்" என்று துரை கிராணியிடம் சொல்லிவிட்டார்.

கிராணி யாழ்ப்பாணத்துக்காரர். கோட்டும் கண்ணாடியுமாக இருப்பார். நல்ல மனுஷன், ஆனால் தனக்கு ஒன்று தெரியாது என்று சொல்லவே மாட்டார். அவரும் கிறிஸ்மஸ் தாத்தாவைக் கண்ணால் கண்டதில்லை. துரைசாணி இங்கிலீஷில் சொன்னதைக் கேட்டுக்கொண்டு நேரே மாமாவிடம் வந்தார். பள்ளிக்கூட வாசலில் நாங்கள் விளையாடிக்கொண்டிருந்தோம். எங்கள் காதில் விழத்தான் பேசினார்கள்.

"கவனமாக் கேளும். ஒரு கிழவன். நல்ல கொழுத்த உடம்பு. வெள்ளைத் தாடி. சிவத்த உடுப்பு. காலிலை பெரிய சப்பாத்து."

மாமா நிமிர்ந்து உட்கார்ந்தார். "பகல்ல வருவாருங்களா, ராத்திரியிலயா?"

"ராவிலைதான். ஆர் நல்ல பிள்ளை, ஆர் குழப்படி எண்டு அவருக்கு எல்லாம் தெரியும்."

"தப்புப் பண்ணுனவங்கள விட மாட்டாரு, அப்புடித்தானே?"

"அவைக்கு ஒண்டும் குடுக்கமாட்டார்."

"குதுரையிலயா வராரு?"

"இல்லை. மான் பூட்டின வண்டி."

"வாகனந்தான் மாறுது" என்று மாமா தனக்குள் சொல்லிக்கொண்டார். "சுருட்டு உண்டுங்களா?"

கிராணி கொஞ்சம் யோசித்தார். "துரைமார் எல்லாரும் சுருட்டுப் பத்துறவைதானே? உண்டு."

"சாராயம்?"

"கிறிஸ்மஸ் எண்டால் பின்னை என்ன? விளங்கிச்சோ?"

"நல்லா வெளங்கிருச்சுங்க. தெரிஞ்சவருதான்."

எப்படித் தெரியாமல் இருக்கும்? தோட்டம் முடிந்து காடு தொடங்குகிற எல்லையில், பெரிய மரத்தடியில், சுருட்டும் சாராயமும் படையல் வாங்கிக்கொண்டு, காலில் பெரிய செருப்போடு, ராத்திரியில் லயத்தைச் சுற்றி வந்து எங்களைக் காத்தவர் யார்? எங்கள் முனியாண்டி சாமிதான்.

மாமா அன்று சாயங்காலமே பூசாரியிடம் போனார். "பூசாரி, சேதி தெரியுமா? வெள்ளக்காரங்களும் நம்ம முனியாண்டியத்தான் கும்புடுறாங்களாம்."

பூசாரி விபூதியை உதறிக்கொண்டு, "எனக்கு எப்பவோ தெரியும்" என்றார்.

அப்புறம் என்ன? சாமிக்குச் சாத்தி எடுத்துவைத்திருந்த சிவப்புத் துணியைப் பூசாரியே கொடுத்தார். "கெழவருக்குத்தானே போவுது, எடுத்துக்க." மாமா மறுபடியும் வீடு வீடாக வந்தார். பேர் வாசிக்கப்போகிற கவலை எங்கே போனதோ தெரியாது. "தங்கச்சி, பழைய தலகாணி இருக்குமா?" இலவம்பஞ்சு தாடியாகவும், உடுப்பின் ஓரமாகவும், தொப்பியின் குஞ்சமாகவும் மாறியது. லயத்தில் அந்த வாரம் எல்லாரும் கையைத் தலைக்கு வைத்துத் தூங்கினார்கள். சைக்கிள் டயரை வெட்டி இடுப்புவார் செய்தார். பலகையை அரிவாளாகச் செதுக்கி, சிகரெட்டுப் பெட்டி வெள்ளித்தாளை ஒட்டினார்.

மீசையைப் பற்றிக் கிராணி ஒன்றும் சொல்லவில்லை. மீசை இல்லாத முனியாண்டி உண்டா? மாமா கறுப்பாக, இரண்டு பக்கமும் காது வரை ஏறுகிற மாதிரி ஒன்று செய்துவிட்டார். அதற்கு முடி எங்கே கிடைத்தது என்று, மாட்டுக்கு ஈ ஓட்ட வால் போதாமல் போனபோது சின்னான் மாமா கண்டுபிடித்தார்.

"ஏன்டா, போன தடவ என் முடி. இப்ப என் மாட்டு முடியா?"

"ஒன்னோடது இன்னும் சரியா மொளைக்கலியே" என்றார் மாமா.

மான் வண்டிக்கு மாமாவிடம் சுலபமான வழி இருந்தது. "மாட்டுக்குத்தான் கொம்பு ஏற்கனவே இருக்கே. கெளைய மட்டும் மேல கட்டுனா மான்தானே." ரப்பர்க் கிளைகளைக் கொம்போடு சேர்த்துக் கட்டினார்.

கிறிஸ்மஸ் அன்று பங்களாவில் நடந்ததை அங்கே வண்டியோடு காத்திருந்த சின்னான் மாமா சொல்லித்தான் கேட்டோம். உடுப்பைப் பார்த்ததும் துரைசாணி சிரிக்க ஆரம்பித்தவள் நாற்காலியில் விழுந்துவிட்டாளாம். கிராணிக்கு வேர்த்துவிட்டது.

"உந்த அரிவாள் என்னத்துக்கு ஐசே?"

"காட்டு வழியா வராருங்க. மூட்டையில பிஸ்கட்டு வேற இருக்கு."

துரை மீசையைக் கையில் எடுத்து முகர்ந்து பார்த்து, வேண்டாம் என்று தலையை ஆட்டினார். துரைசாணி விடவில்லை, வைத்தே தீரவேண்டும் என்றாள். மாமா துரையின் மேலுதட்டில் பாலைப் பூசி மீசையை அழுத்தினார். பிறகு, நேற்றுவரை அந்த மனிதரைக் கண்டால் மரத்துக்குப் பின்னால் ஒளிந்தவர், விரலைத் தூக்கி அதட்டினாராம்: "பாலு இன்னும் காயல தொர. வாயத் தொறந்தீங்க, பூராவும் கையோட வந்துரும். பேசவே கூடாது. தலைய மட்டும் ஆட்டுங்க."

கிராணி அதை இங்கிலீஷில் சொன்னார். துரை தலையை ஆட்டினார்.

பொழுது சாய்கிற நேரம். பள்ளிக்கூடத்து வாசலில் நாங்கள் எல்லாரும் கூடியிருந்தோம். துரை வருவார், பிஸ்கட்டு தருவார், அவ்வளவுதான் எங்களுக்குத் தெரியும். மரங்களுக்கு நடுவே கிளைக்கொம்பு முளைத்த இரண்டு மிருகங்கள் தெரிந்தன. அதற்குப் பின்னால் சிவப்பாக ஓர் உருவம் எழுந்து நின்றது. வெள்ளைத் தாடி. காதுவரை மீசை. கையில் அரிவாள் பளபளத்தது.

ஒரு பிள்ளை நிற்கவில்லை. நான் அம்மாவின் சேலைக்குள் புகுந்துகொண்டேன். பெண்கள் குலவை போட்டார்கள். யாரோ தப்புப் பறையை எடுத்து அடிக்க ஆரம்பித்துவிட்டார்கள். பூசாரி கற்பூரத் தட்டோடு ஓடினார். வண்டிச் சக்கரத்துக்கு முன்னால் தேங்காய் உடைந்தது.

தப்புச் சத்தம் கேட்டால் எங்கள் பக்கத்து வீட்டு மாரியாயி அத்தையால் சும்மா நிற்க முடியாது. கூந்தலை அவிழ்த்துவிட்டு, "டேய்!" என்று ஒரு கூச்சல் போட்டுக்கொண்டு வண்டிக்கு முன்னால் குதித்தாள். சாமி வந்துவிட்டது. அதாவது, வண்டியில் ஒரு சாமி, கீழே ஒரு சாமி. துரை கிராணியைத் திரும்பிப் பார்த்தார். புருவம் ரெண்டும் தொப்பிக்குள் போய்விட்டது.

கிராணி காதோரம் என்னவோ சொன்னார். "சனங்கள் உங்களுக்குக் கிறிஸ்மஸ் வாழ்த்துச் சொல்லுகினம்" என்றுதான் சொன்னதாக அவரே பின்னால் எங்கள் அப்பாவிடம் ஒப்புக்கொண்டார். துரைக்கு மகிழ்ச்சி. நெஞ்சை நிமிர்த்தி அரிவாளை ஓங்கினார். ஊரே கையெடுத்துக் கும்பிட்டது.

கற்பூரம் எரியும்போது சாமியிடம் வாக்குக் கேட்பது எங்கள் வழக்கம். அப்போது சாமி சொன்னால் சொன்னதுதான், யாரும் மாற்ற முடியாது. பூசாரி தட்டைத் துரையின் முகத்துக்கு நேரே உயர்த்தினார். மாரியாயி அத்தை கையை நீட்டி, மாட்டின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்ற இருக்குமா மாமாவைக் காட்டினாள்.

"இந்தா நிக்கிறான் பாரு என் புள்ள! இவன கப்பலேத்தி அனுப்புவியா? அனுப்ப மாட்டேன்னு சொல்லு! கற்பூரத்து முன்னால சொல்லு!"

தப்பு நின்றுவிட்டது. மாட்டுக் கழுத்து மணிகூட நின்றதாக எனக்கு நினைவு. எல்லார் கண்ணும் துரைமேல்.

மாமா என்ன செய்திருக்க வேண்டும்? கையைக் கூப்பியிருக்க வேண்டும், காலில் விழுந்திருக்க வேண்டும். அவர் துரையின் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அது லேசாக அசைந்தது.

"வாயத் தொறக்காதீங்க தொர!" என்று கத்தினார். "மீச விழுந்துரும்!"

துரை திறந்த வாயை மூடிக்கொண்டார். மாமாவைப் பார்த்தார். அத்தையைப் பார்த்தார். பிறகு மெதுவாக, மீசை நகராமல், தலையை மேலும் கீழுமாக ஆட்டினார்.

"வாக்குக் குடுத்துட்டாரு!" என்று பூசாரி போட்ட சத்தத்தில் மான்கள் இரண்டும் மிரண்டு, கொம்பைக் கழற்றி எறிந்துவிட்டு, சாமியோடு பால் ஸ்டோர் பக்கம் ஓடின. பிஸ்கட்டு வழியெல்லாம் சிதறியது. நாங்கள் அதைப் பிரசாதமாகப் பொறுக்கிக் கண்ணில் ஒற்றித் தின்றோம்.

மறுநாள் விடியுமுன்னே பெரட்டு. அன்றைக்கு வேலை இல்லாதவர்களும் வந்து நின்றார்கள். அம்மா தம்பியை இடுப்பிலும் என்னைக் கையிலும் பிடித்துக்கொண்டு வந்தாள். துரையின் மேலுதடு முழுக்கத் தோல் உரிந்து சிவந்திருந்தது. கிராணி லாந்தர் வெளிச்சத்தில் பேர்களை வாசித்தார். ஒவ்வொரு பேருக்கும் வரிசையில் எங்கேயோ ஒரு பெண் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். பிறகு கிராணி நின்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். திரும்பப் போட்டுக்கொண்டு தாளை மடித்துவிட்டார்.

"வாசிச்சு முடிஞ்சுது, சேர்."

"இன்னும் ஒரு ஆள் இருக்கு, கிராணி" என்றார் துரை. அவருக்குத் தமிழ் அந்த அளவுக்கு வரும்.

கிராணி துரையிடம் எப்போதும் இங்கிலீஷில்தான் பேசுவார். அன்று எல்லார் காதிலும் விழும்படி தமிழில் சொன்னார்: "அந்த ஆளுக்கு நேற்று நீங்களே வாக்குக் குடுத்திட்டியள், சேர். கற்பூரத்துக்கு முன்னாலை. நானும் பக்கத்திலை நிண்டனான்." அவருக்கும் வேலை போகக்கூடிய காலம்தான் அது.

துரை உதட்டைத் தடவினார். முன் வரிசையில் மாரியாயி அத்தை, இப்போது சாமி எதுவும் இல்லாமல், கையைக் கட்டிக்கொண்டு அவரையே முறைத்துக்கொண்டு நின்றாள். அவள் பின்னால் நின்றவர்களில் ஒருவர்கூடக் கீழே பார்க்கவில்லை.

"அவன் மரம் வெட்டக் கூடாது" என்றார் துரை கடைசியில். "மரத்துல ஆனை போடறான். ஸ்டோரைக் கூட்டட்டும்." திரும்பி நடந்துவிட்டார்.

மாமா என்ன சொன்னார் தெரியுமா? நன்றி, கும்பிடு எதுவும் இல்லை. "இழுத்துப் புடுங்கியிருக்காரு பாவம். எண்ணெ வச்சு ஊறவச்சிருந்தா தோலு வந்திருக்காது" என்று வருத்தப்பட்டார்.

பேர் வாசிக்கப்பட்டவர்கள் போய்த்தான் ஆக வேண்டியிருந்தது. அதைச் சொல்லாமல் விடக்கூடாது. அவர்கள் புறப்படும் வரை மாமா ஸ்டோர் மூலையில் உட்கார்ந்து, மாவு சாக்கில் அவர்களுக்குப் பயணப் பை தைத்தார். நூல் போட்டுத் தைத்தார். "கப்பல்ல வெக்கையா இருக்கும். பாலு எளகிரும்" என்றார். அவர் ஊசி பிடித்து அப்போதுதான் பார்த்தேன். ஒவ்வொரு பையின் முதுகிலும் சேவல் நின்றது.

இவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது. இதில் எது முன்னே, எது பின்னே என்று குழப்பியிருப்பேன். எந்த வருஷத்துக் கிறிஸ்மஸ் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. துரை விஷயம் புரிந்துதான் தலையாட்டினாரா, மீசைக்குப் பயந்து ஆட்டினாரா என்பதும் எனக்கு இன்றுவரை தெரியவில்லை. அந்தக் கிராணியின் பிள்ளைகளோ, அந்தப் பக்கத்துத் தோட்டக்காரர்களோ இதைப் படித்தால் சரிபார்த்து எழுதுங்கள். தப்பு இருந்தால் திருத்துங்கள், நான் கோபித்துக்கொள்ளமாட்டேன்.

முக்கியமாக மாமாவின் சொந்தப் பேர் வேண்டும். பெரட்டில் கங்காணிகூடப் பட்டப் பேரைத்தான் கூப்பிட்டார். இப்போது கோயிலில் அவருக்காக அர்ச்சனை செய்யப் போனால், ஐயர் பேர் கேட்கிறார். நான் வெட்கப்பட்டுக்கொண்டு, "பேர் தெரியாதுங்க, எங்க வீட்டு ஆளுதான்" என்கிறேன். அன்று கிராணி அந்தத் தாளைக் கடைசி வரை வாசித்திருந்தால் எனக்கும் தெரிந்திருக்கும். அவர் வாசிக்கவில்லை. அதனால்தான் அதற்கப்புறமும் எங்களுக்குத் தீபாவளி வந்தது.